காணாத துகளுக்குக் கண்ட துகள் சான்று

ஜொகூர் மாநிலத்தின் நடுவே, லம்பாக் மலையடிவாரத்தில் அமைந்த குளுவாங் நகரத்தின் பெயர், 'கெலுவாங்' என்னும் மலாய்ச் சொல்லின் வழி வந்தது. பெரிய பழந்தின்னி வௌவாலைக் குறிக்கும் சொல் அது. அந்தி சாயும் வேளையில் கூட்டங் கூட்டமாக இவ்வட்டாரத்து வானில் பறந்த அவ்வுயிர்கள் வேட்டையாலும் காடழிவாலும் அருகிவிட்டன. பெயர் மட்டும் ஊரின்மேல் நிலைத்து நிற்கிறது. பொருள் தேய்ந்த பின்னும் பெயர் எஞ்சுவது ஊர்ப்பெயர் ஆய்வாளர்க்குப் புதிய செய்தியன்று. அறிவியலிலோ இதற்கு நேர்மாறான வழக்கொன்று உண்டு. பெயர் முன்னே பிறந்துவிடும்; அப்பெயருக்குரிய பொருள் உலகில் இருக்கிறதா என்னும் தேடல் பின்னே பல்லாண்டு நீளும். அவ்வாறு பெயர் முந்திப் பொருள் பிந்திய துகள்கள் இரண்டு. ஒன்று, 1975-இல் ஹைம் ஹராரி என்னும் இஸ்ரேலிய அறிஞர் பெயரிட்டு, 1995-இல் அகப்பட்ட 'டாப் குவார்க்கு'. மற்றொன்று, 1964-இல் ஏட்டில் பிறந்து, 2012-இல் கருவியில் சிக்கிய ஹிக்ஸ் போசான். முன்னதனைத் தமிழில் உச்சிக் குவார்க்கு எனலாம். மேல் குவார்க்கு என்றால் 'அப்' எனப்படும் வேறொரு குவார்க்கோடு மயங்க இடமுண்டு.

இவ்விரண்டின் வரலாறும் தனித்தனியே சொல்லப்படுவதே பெருவழக்கு. உண்மையில் அவை ஒரே கயிற்றின் இரு புரிகள். அறிவு பெறும் வாயில்களை அளவைகள் எனத் தமிழ் மரபு வகுத்ததையும், மணிமேகலையின் சமயக்கணக்கர்தம் திறம் கேட்ட காதையில் அவை எண்ணப்படுவதையும் தமிழாசிரியர் அறிவர். கண்முன் நிற்பதை அறிவது காண்டல். காணும் ஒன்றைக் கொண்டு காணாத ஒன்றை அறிவது கருதல். குளுவாங் நகரின் ஊடே ஓடும் மெங்கிபோல் ஆற்றில் கலங்கல் நீர் பெருகக் கண்டவர், மேட்டுநிலத்தில் மழை பெய்ததை நேரிற் சென்று பாராமலே அறிவார். உச்சிக் குவார்க்கும் ஹிக்ஸ் போசானும் ஒன்றுக்கொன்று கலங்கல் நீராய் நின்ற கதையே இங்குச் சொல்லப்படுவது.

கதையின் தொடக்கம் 1964. இயற்கையின் விசைகளைக் கணிதச் சமச்சீரால் விளக்கும் கொள்கைகள் அன்று பெருகியிருந்தன. ஆனால் அச்சமச்சீர் குறையாது நிற்க வேண்டுமெனில் விசையைத் தாங்கிச் செல்லும் துகள்களுக்குப் பொருண்மையே இருத்தலாகாது. தமிழகத்தார் 'நிறை' எனப் பெரிதும் வழங்குவதையே மலேசியப் பாடநூல்கள் பொருண்மை என்கின்றன. கதிரியக்கத்துக்குக் காரணமான வலுவற்ற விசையோ மிகக் குறுகிய தொலைவே செயற்படுவது. ஆதலின் அதன் துகள்கள் கனத்தனவாய் இருந்தாக வேண்டும். இம்முரண்பாட்டை அவ்வோர் ஆண்டிலேயே மூன்று கட்டுரைகள் தீர்த்தன. பெல்ஜியத்தின் ராபர்ட் பிரவுட்டும் பிரான்சுவா எங்லேரும் எழுதியது முதலாவது. எடின்பரோவின் பீட்டர் ஹிக்ஸ் எழுதியது அடுத்தது. ஜெரால்டு குரால்நிக், கார்ல் ஹேகன், தாமஸ் கிப்பிள் ஆகிய மூவர் இலண்டனிலிருந்து எழுதியது மூன்றாவது. வெளியெங்கும் ஒரு புலம் நிறைந்துள்ளது. வெற்றிடத்திலும் அது சுழியமாவதில்லை. அதனோடு தொடர்புறும் துகள்கள் பொருண்மை பெறுகின்றன என்பதே அவற்றின் சாரம். ஹிக்ஸின் இரண்டாம் கட்டுரையை ஐரோப்பிய இதழொன்று முதலில் திருப்பியனுப்பியது. அவர் அதனை விரித்து அமெரிக்க இதழுக்கு அனுப்பியபோது, அப்புலத்தின் அதிர்வாக ஒரு புதிய துகள் தோன்ற வேண்டும் என்னும் குறிப்பையும் சேர்த்தார். மறுக்கப்பட்ட கட்டுரைக்குப் பின்னொட்டாக வந்த அக்குறிப்பே அவர் பெயரை நிலைநிறுத்தியது என்பது வரலாற்றின் விளையாட்டு.

மூவர் வரிசையில் இறுதியில் நிற்கும் கிப்பிளைத் தமிழ் வாசகர் சற்று நின்று நோக்க வேண்டும். அவர் பிறந்தது சென்னையில், 1932-ஆம் ஆண்டு டிசம்பரில். தந்தை வால்டர் கிப்பிள் சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் கணிதப் பேராசிரியர். புள்ளியியலில் தம் பெயரால் வழங்கும் பரவல் ஒன்றை விட்டுச் சென்றவர். கல்லூரி 1937-இல் நகரின் நெரிசலை விட்டுத் தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்தது. அவ்வளாகத்திலே வளர்ந்த சிறுவன், சென்னை டவ்டன் பள்ளியில் பயின்று, 1944-இல் எடின்பரோவுக்குச் சென்றான். பின்னாளில் இலண்டன் இம்பீரியல் கல்லூரியில் அப்துஸ் சலாமின் குழுவில் இணைந்த கிப்பிள், 1967-இல் தனியே எழுதிய கட்டுரை ஒன்று பெரும் பயன் விளைத்தது. சமச்சீர் முழுவதும் குலையாமல் ஒரு பகுதி மட்டும் குலையுமாயின், சில துகள்கள் கனக்க, ஒளித்துகள் மட்டும் பொருண்மையற்று எஞ்சும் என்பதை அது காட்டிற்று. உலகில் கனத்த துகள்களும் உள்ளன, ஒளியும் உள்ளது. இரண்டுக்கும் ஒரே கொள்கையில் இடம் தந்த படி அதுவே. அதன்மேல் ஏறித்தான் ஸ்டீவன் வைன்பர்க்கும் சலாமும் மின்காந்த விசையையும் வலுவற்ற விசையையும் ஒன்றுபடுத்தினர்.

2013-இல் நோபல் பரிசு எங்லேருக்கும் ஹிக்ஸுக்கும் வழங்கப்பட்டது. பிரவுட் அதற்கு இரண்டு ஆண்டு முன்னரே மறைந்துவிட்டார். மூவர்க்கு மேல் பகிர இடமில்லாத அப்பரிசில் மூன்றாம் இடம் ஒன்று காலியாகவே விடப்பட்டது. கிப்பிளுக்கு அது கிட்டாமை குறித்துப் பின்னர் வெளிப்படையாகப் பேசியவர்களுள் ஹிக்ஸே ஒருவர். கிப்பிள் 2016-இல் மறைந்தார். அவர் வளர்ந்த அதே தாம்பரக் கல்லூரியிற் பயின்று 1951-இல் வெளியேறிய ஈ. சி. ஜி. சுதர்சன், 1957-இல் இராபர்ட் மார்ஷக்கோடு சேர்ந்து வலுவற்ற விசையின் வடிவத்தையே வகுத்தவர். அவருக்கும் அப்பரிசு வாய்க்கவில்லை. ஒரு கல்லூரி வளாகத்தோடு தொடர்புடைய இருவர் இக்கொள்கையின் இரு தூண்களை நிறுத்தியது, தாம்பரத்து மாணவரிடையேகூடப் போதிய அளவு பேசப்படுவதில்லை.

வைன்பர்க் 1967 நவம்பரில் வெளியிட்ட சிறு கட்டுரை மற்றொரு வாயிலையும் திறந்தது. விசைத் துகள்களுக்குப் பொருண்மை தரும் அப்புலமே எலெக்ட்ரான் போன்ற பருப்பொருள் துகள்களுக்கும் பொருண்மை தரலாம் என்றது அது. இத்தொடர்புக்கு யுகாவா இணைப்பு என்று பெயர். 1935-இல் அணுக்கருவின் பிணைப்பை விளக்க, துகள்கள் தமக்குள் வேறொரு துகளைப் பரிமாறிக்கொள்கின்றன என்று கூறிய ஜப்பானியர் ஹிடேக்கி யுகாவாவின் பெயர் அது. எந்தத் துகள் எவ்வளவு கனக்கும் என்பதை அதன் யுகாவா இணைப்பின் வலிமையே தீர்மானிக்கிறது. எலெக்ட்ரானுக்கு அவ்வலிமை பத்து இலட்சத்தில் மூன்று பங்கு அளவே. உச்சிக் குவார்க்குக்கோ ஏறத்தாழ ஒன்று. எலெக்ட்ரானைப் போல் ஏறக்குறைய 3,40,000 மடங்கு கனமுடைய அத்துகள், புலப்படும் அமைப்பு எதுவும் தனக்குள் இல்லாத ஒற்றைத் துகளாயிருந்தும், ஒரு முழுத் தங்க அணுவின் பொருண்மையை நெருங்கி நிற்கிறது.

வகுப்பறையில் இப்புலத்தை விளக்குவோர், இடுப்பளவு வெள்ளத்தில் நடப்பவனைக் காட்டுவது வழக்கம். 2006 இறுதியிலும் 2007 தொடக்கத்திலும் ஜொகூரைச் சூழ்ந்த பெருவெள்ளத்தைக் கண்ட குளுவாங் மக்களுக்கு அவ்வுவமை எளிதில் விளங்கும். ஆயினும் அது பாதி வழியே உதவும். வெள்ளத்தில் நடப்பவன் கால் ஓய்ந்தால் நின்றுவிடுவான். நீர் அவன் வேகத்தைத் தின்கிறது. பொருண்மை வேகத்தைத் தின்பதில்லை. கெமாசிலிருந்து ஜொகூர்பாரு செல்லும் இருப்புப்பாதையில் குளுவாங் நிலையத்தைக் கடக்கும் சரக்கு வண்டியே தகுந்த உவமை. வெற்றுப் பெட்டிகளை இழுத்து ஓட்டத்துக்குக் கொண்டுவருவது எளிது, நிறுத்துவதும் எளிது. சுமை ஏற்றிய பெட்டிகளைப் புறப்படச் செய்வதும் அரிது. புறப்பட்டபின் நிறுத்துவதும் அரிது. ஹிக்ஸ் புலம் துகள்மேல் ஏற்றும் சுமை அத்தகையது. அச்சுமை தண்டவாளத்து உராய்வன்று.

உச்சிக் குவார்க்கின் தேடல் 1973-இல் தொடங்கிற்று எனலாம். அவ்வாண்டு கொபயாஷி, மஸ்கவா என்னும் ஜப்பானியர் இருவர், பருப்பொருளுக்கும் எதிர்ப்பொருளுக்கும் இடையே காணப்பட்ட நுண்ணிய வேறுபாட்டை விளக்கக் குவார்க்குகள் ஆறாவது இருத்தல் வேண்டும் என்றனர். அன்று ஆய்வில் அறியப்பட்டிருந்தவை மூன்றே. 1974-இல் நான்காவதும், 1977-இல் லியோன் லெடர்மன் குழுவினரால் ஐந்தாவதும் கிடைத்தன. ஐந்தாவதற்குத் துணை ஒன்று இருந்தே தீரும் என அனைவரும் நம்பினர். எங்கே என்பதே வினா. 1984-இல் செர்ன் ஆய்வுக்கூடத்தின் குழு ஒன்று, 30-க்கும் 50-க்கும் இடைப்பட்ட கிகா எலெக்ட்ரான் வோல்ட் அளவில் அதன் தடயம் தென்படுவதாக அறிவித்தது. மேலும் தரவு சேர்ந்தபோது அத்தடயம் கரைந்துபோயிற்று. ஜப்பான் இதற்கெனவே பெரும்பான்மையான நோக்கத்தோடு கட்டிய டிரிஸ்டன் மோதுவியும் வெறுங்கையோடு முடிந்தது. துகளோ அவர்கள் தேடிய எல்லைக்கு வெகு தொலைவில், எட்டாத உயரத்தில் இருந்தது.

இங்கேதான் கருதல் அளவை கைகொடுத்தது. 1977-இலேயே மார்ட்டினஸ் வெல்ட்மன் ஒன்றைக் காட்டியிருந்தார்: மோதுவியில் பிறக்கும் ஆற்றல் இல்லாவிடினும், உச்சிக் குவார்க்கு ஒரு கணத்தின் நுண்கூறில் தோன்றி மறைந்து, பிற துகள்களின் பொருண்மையிலும் சிதைவிலும் சிறு திரிபை விளைக்கும்; அத்திரிபு அதன் பொருண்மையின் இருமடிக்கு ஏற்ப வளரும். 1989 முதல் ஜெனீவாவில் இயங்கிய எலெக்ட்ரான்-பாசிட்ரான் மோதுவி, இசட் என்னும் விசைத்துகளைப் பல இலட்சக் கணக்கில் படைத்து அத்திரிபை அளந்தது. 1994 அளவில் கணக்கு ஒன்றுகூடி வந்தது: காணப்படாத அத்துகளின் பொருண்மை ஏறத்தாழ 173 கிகா எலெக்ட்ரான் வோல்ட், கூடினும் குறையினும் இருபதளவு. மறு ஆண்டு மார்ச் 2-ஆம் நாள், அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்து பெர்மி ஆய்வுக்கூடத்தின் டெவட்ரான் மோதுவியில் பணியாற்றிய சி.டி.எஃப்., டி-சீரோ என்னும் இரு குழுக்களும் கண்டுபிடிப்பை அறிவித்தன. ஒன்று 176 என்றது, மற்றொன்று 199 என்றது. பிழையெல்லைக்குள் இரண்டும் கருதலோடு பொருந்தின. இன்றைய மதிப்பு ஏறத்தாழ 172.5. டி-சீரோ குழுவில் மும்பை டாட்டா ஆய்வு நிறுவனமும், தில்லிப் பல்கலைக்கழகமும், சண்டிகர் பஞ்சாப் பல்கலைக்கழகமும் பங்கு கொண்டிருந்தன. அம்மோதுவியில் ஆயிரங் கோடி மோதல்களுக்கு ஒருமுறை மட்டுமே உச்சிக் குவார்க்கு இணை ஒன்று பிறந்தது என்பதை எண்ணினால், சலித்தெடுத்தவர் பொறுமை விளங்கும்.

இணை என்பது ஈண்டுக் கருதத்தக்கது. உச்சிக் குவார்க்கு பெரும்பாலும் தன் எதிர்த்துகளோடு சேர்ந்தே பிறக்கிறது. டெவட்ரானில் புரோட்டானின் குவார்க்கும் எதிர்ப்புரோட்டானின் எதிர்க்குவார்க்கும் மோதி அழிந்து அவ்விணையைப் பெற்றெடுத்தன. செர்னின் பெரிய ஹாட்ரான் மோதுவியிலோ பெரும்பாலான இணைகளைப் படைப்பவை குளுவான்கள். குவார்க்குகளைப் பசைபோல் ஒட்டிவைப்பதால் பசையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. குளுவாங் ஊர்ப்பெயரோடு ஒலியில் ஒத்தது தற்செயலே. பிறந்த இணை வாழும் காலம் ஒரு நொடியைக் கோடி கோடியாகப் பகுத்து, அதனை மீண்டும் பதினாயிரங் கோடியாகப் பகுத்தால் வரும் கூற்றில் ஐந்து அளவே. பிற குவார்க்குகள் பிறந்தவுடன் கூட்டுத் துகள்களுக்குள் முடங்கிவிடுகின்றன. உச்சிக் குவார்க்கு முடங்குமுன்னே சிதைந்துபோவதால், அதன் இயல்பு மறைபடாமல் சிதைவுப் பொருள்களில் பதிந்து வெளிவருகிறது. அளப்பவர்க்கு இது பெருநன்மை.

உச்சிக் குவார்க்கு அகப்பட்டதும் கருதலின் திசை மாறிற்று. முன்பு தேடப்பட்ட பொருள் இப்போது சான்றாயிற்று. அதன் பொருண்மையையும் டபிள்யூ என்னும் விசைத்துகளின் பொருண்மையையும் ஒன்றாக வைத்துக் கணித்தோர், ஹிக்ஸ் போசான் மிகக் கனத்ததாய் இருக்க இயலாது எனக் கண்டனர். ஜெனீவாவுக்கு அருகில் நிலத்தடியில் 27 கிலோமீட்டர் வட்டமாய் அமைந்த பெரிய ஹாட்ரான் மோதுவி அதனைத் தேடப் புறப்பட்டது. அவ்வட்டத்தின் நெடிய காந்தங்களைத் தாங்கி, மயிரிழை அளவும் பிசகாமல் நிலைநிறுத்தும் 7,080 ஜாக்கிகள் இந்தியாவில் செய்யப்பட்டவை. சி.எம்.எஸ். கருவியின் வெளிப்புற ஆற்றல்மானியை உருவாக்குவதில் டாட்டா நிறுவனத்தாரும் பஞ்சாப் பல்கலைக்கழகத்தாரும் பங்கேற்றனர். இந்திய அரசு 2004 ஜூன் 18-இல் செர்னுக்கு வழங்கிய இரண்டு மீட்டர் உயர நடராசர் சிலையைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டவை ஏராளம். காந்தத்தைத் தாங்கும் ஜாக்கிகளைப் பற்றி எழுதியோர் மிகச் சிலர். சிலை வளாகத்தில் நிற்கிறது. ஜாக்கிகள் மீது மோதுவியே நிற்கிறது.

ஹிக்ஸ் போசானைப் பிறப்பிப்பதிலும் உச்சிக் குவார்க்கே தாய். குளுவானுக்குப் பொருண்மை இல்லை. ஆகவே அது ஹிக்ஸ் புலத்தோடு நேரே உறவாடாது. இரு குளுவான்கள் மோதும்போது உச்சிக் குவார்க்கு ஒரு வளையமாகத் தோன்றி மறைகிறது. அவ்வளையத்தின் வழியே ஹிக்ஸ் பிறக்கிறது. எத்தனை பிறக்கும் என்பதைத் துல்லியமாகக் கணிப்பது பல்லாண்டு உழைப்பு. கணக்கை மூன்றாம் படி வரை கொண்டு சென்ற மூன்று குழுக்களுள் ஒன்று, 2003-இல் வி. இரவீந்திரன், ஜேக் ஸ்மித், வான் நீர்வன் ஆகியோர் வெளியிட்டது. தொடக்கக் கணக்கைக் காட்டிலும் ஏறத்தாழ இருமடங்கு ஹிக்ஸ் பிறக்கும் என்பது இக்கணக்குகளால் உறுதியாயிற்று. இரவீந்திரன் பின்னர்ப் பணியாற்றிய சென்னைத் தரமணிக் கணித அறிவியல் நிறுவனம், அல்லாடி இராமகிருஷ்ணன் தம் மயிலாப்பூர் வீட்டில் நடத்திய கோட்பாட்டு இயற்பியல் கருத்தரங்கிலிருந்து முளைத்து, 1962 ஜனவரியில் நிறுவப்பட்டது. 1960-இல் சென்னை வந்த நீல்ஸ் போர் அவ்வீட்டுக் கூட்டத்தை வியந்து பேசியது அதற்குத் துணை செய்தது.

2012 ஜூலை 4-இல் அட்லஸ், சி.எம்.எஸ். ஆகிய இரு குழுக்களும் 125 கிகா எலெக்ட்ரான் வோல்ட்டை ஒட்டிய புதிய துகளை அறிவித்தன. மறுநாள் தமிழ் நாளேடுகள் பலவற்றில் 'கடவுள் துகள்' என்னும் தலைப்பு மிளிர்ந்தது. ஐந்தாம் குவார்க்கைக் கண்ட அதே லெடர்மன் 1993-இல் எழுதிய நூலின் தலைப்பிலிருந்து கிளைத்த பெயர் அது. ஹிக்ஸ் அதனை விரும்பியதில்லை. தமிழில் அப்பெயர் செய்த கேடு சிறிதன்று. பத்தர் மகிழ்ந்தனர், நாத்திகர் நகைத்தனர். அத்துகள் என்ன செய்கிறது என்று கேட்டவர் குறைந்தனர். ஹிக்ஸ் போசான் என்னும் இயற்பெயரிலேயே போதிய பெருமை உண்டு. 1924-இல் டாக்காவிலிருந்து ஐன்ஸ்டைனுக்குக் கட்டுரை அனுப்பிய சத்தியேந்திர நாத் போஸின் பெயரால், அவ்வகைத் துகள் அனைத்துக்கும் டிராக் இட்ட பெயர் போசான்.

கண்டுபிடிப்போடு ஒரு வினா எஞ்சியது. உச்சிக் குவார்க்கின் பொருண்மை மெய்யாகவே ஹிக்ஸ் புலத்தால் வந்ததா? வளையத்தின் வழி ஹிக்ஸ் பிறந்தது சான்றுதான்; ஆயினும் அறியப்படாத வேறொரு கனத்த துகளும் அவ்வளையத்தில் ஒளிந்திருக்கக் கூடும். ஹிக்ஸ் ஒரு உச்சிக் குவார்க்கு இணையாகச் சிதைவதைக் காணலாம் எனில் அதற்கு வழியில்லை: இணையின் பொருண்மை 345, ஹிக்ஸின் பொருண்மை 125. பெரிது சிறிதிலிருந்து பிறவாது. எஞ்சிய நேர்வழி, இணையும் ஹிக்ஸும் ஒரே மோதலில் சேர்ந்து பிறப்பதைக் காண்பது. பிறக்கும் ஹிக்ஸ் நூற்றில் ஒன்றே அவ்வாறு பிறக்கிறது. 2018 ஜூனில் இரு குழுக்களும் அதனை ஐயத்துக்கு இடமின்றி அறிவித்தன. கணிப்பும் காட்சியும் பிழையெல்லைக்குள் ஒத்தன.

மற்றொரு வழி உண்டு. நுட்பத்தில் அதுவே சிறந்தது எனலாம். இவ்வழியில் ஹிக்ஸ் போசான் வெளியே வருவதே இல்லை. பிறந்த உச்சிக் குவார்க்கும் அதன் எதிர்த்துகளும் பிரிந்து ஓடுமுன் தமக்குள் ஒரு ஹிக்ஸ் போசானைப் பரிமாறிக்கொள்கின்றன. யுகாவா 1935-இல் அணுக்கருவுக்குச் சொன்ன அதே பரிமாற்றம், இங்கே அவர் கனவிலும் காணாத துகள்களுக்கிடையே நிகழ்கிறது. அதன் விளைவு ஈர்ப்பு. இணை மிகுந்த வேகத்தோடு பிறந்தால் அவ்வீர்ப்பு ஒன்றும் செய்யாது. 345 என்னும் வாயிற்படியை ஒட்டி, மெல்ல நகரும் இணையாகப் பிறந்தாலோ, இரண்டும் சற்றே நெருங்கியிருக்கும் நேரத்தில் ஈர்ப்பு தன் வேலையைக் காட்டும். அப்பகுதியில் பிறக்கும் இணைகளின் எண்ணிக்கையும், இணையின் இரு உறுப்பும் சிதறும் கோணமும் சற்று மாறும். மாற்றம் நூற்றுக்குச் சில பங்கே. ஆனால் அது யுகாவா இணைப்பின் இருமடிக்கு ஏற்ப வளர்வது. இணைப்பு இருமடங்காயின் விளைவு நான்கு மடங்காகும். எனவே உச்சிக் குவார்க்கு இணைகளை மட்டும் எண்ணி, அவற்றின் ஆற்றலையும் திசையையும் வகுத்துப் பார்த்தால், காணாத ஹிக்ஸின் கைவலிமையைக் கணிக்கலாம்.

இதற்கு இணைகள் ஏராளமாய் வேண்டும். பெரிய ஹாட்ரான் மோதுவியின் 2015 முதல் 2018 வரையான ஓட்டத்தில் ஒவ்வொரு கருவியிலும் பதினோரு கோடிக்கு மேற்பட்ட இணைகள் பிறந்தன. டெவட்ரானில் முதலில் அகப்பட்ட சில பத்து நிகழ்ச்சிகளை எண்ணிப் பார்ப்போர்க்கு இவ்வளர்ச்சியின் அளவு புலப்படும். 2016-ஆம் ஆண்டுத் தரவைக் கொண்டு சி.எம்.எஸ். குழு 2019-இல் வெளியிட்ட கணக்கில், கொள்கை சொல்லும் மதிப்பை ஒன்று என வைத்தால், அளந்த வலிமை 1.07 என வந்தது. பிழையெல்லை மேலே 0.34, கீழே 0.43. இணையின் இரு உறுப்பும் எலெக்ட்ரானோ மியூவானோ தரும் நிகழ்ச்சிகளை முழு ஓட்டத்திலிருந்தும் திரட்டி அடுத்த ஆண்டு செய்த கணக்கில் 1.16; பிழையெல்லை மேலே 0.24, கீழே 0.35. ஒன்று என்னும் மதிப்போடு இரண்டும் பொருந்தின. நேர்வழியில் பெற்ற விடைக்கு ஹிக்ஸ் எவ்வெவ்வாறு சிதையும் என்னும் கருதுகோள் தேவை. இவ்வழிக்கு அது தேவையில்லை. ஹிக்ஸ் வெளிவராததால் அதன் சிதைவைப் பற்றிய பேச்சே எழவில்லை. துல்லியத்தில் பின்தங்கினும் இவ்வழி மதிக்கப்படுவது அதனால்தான். இக்கட்டுரைகளின் நெடிய ஆசிரியர் பட்டியலில் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தாரும், கோலாலம்பூர் மலாயாப் பல்கலைக்கழகத்தாரும் இடம் பெற்றுள்ளனர்.

ஒரு குவார்க்கின் இணைப்பு வலிமை ஒன்றா, ஒன்றேகாலா என்பதற்கு இத்துணைப் பாடு ஏன் என மாணவர் வினவலாம். அவ்வெண்ணில் உலகின் நிலைபேறு தங்கியுள்ளது. ஹிக்ஸ் புலம் இன்றுள்ள நிலையிலேயே என்றும் நிற்குமா, அல்லது அதனினும் தாழ்ந்த வேறொரு நிலைக்குச் சரியக் கூடுமா என்பதை, உச்சிக் குவார்க்கின் பொருண்மையும் ஹிக்ஸின் பொருண்மையும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. இன்று அறிந்த மதிப்புகளை வைத்து, புதிய துகள் எதுவும் குறுக்கிடாது எனக் கொண்டு கணித்தால், உலகம் உறுதியான பள்ளத்தாக்கில் இல்லை. மேட்டுக் குழி ஒன்றில் தங்கியிருக்கிறது என்பதே விடையாகக் கிடைக்கிறது. சரிவதற்கு ஆகும் காலம் அண்டத்தின் இதுவரையான வயதினும் பன்மடங்கு நீண்டது. ஆதலின் அச்சத்துக்கு இடமில்லை. உச்சிக் குவார்க்கு இன்னும் பத்து விழுக்காடு கனத்திருந்தால் கணக்கு வேறாகியிருக்கும்.

நான்கு உச்சிக் குவார்க்குகள் ஒரே மோதலில் பிறப்பது 2023-இல் உறுதியாயிற்று. அங்கும் ஹிக்ஸ் பரிமாற்றத்துக்குப் பங்குண்டு. ஆனால் எதிர்பாராத செய்தி வந்தது 345 என்னும் அவ்வாயிற்படியிலிருந்தே. ஹிக்ஸ் போசானுக்குக் கனத்த உடன்பிறப்புகள் உண்டா, அவை உச்சிக் குவார்க்கு இணைகளாகச் சிதைகின்றனவா எனத் தேடிய சி.எம்.எஸ். குழு, வாயிற்படியை ஒட்டி எதிர்பார்த்ததற்கு மேற்பட்ட இணைகளைக் கண்டது. 2025 மார்ச்சில் அதனை அறிவித்தது. மிகுதியின் அளவு 8.8 பிக்கோபார்ன், தற்செயல் என ஒதுக்கும் எல்லையை அது கடந்திருந்தது. அதே ஆண்டு ஜூலையில் அட்லஸ் குழு தன் தரவில் 9.0 பிக்கோபார்ன் அளவுக்கு அதே மிகுதியைக் கண்டு உறுதி செய்தது.

இதற்கு இரு விளக்கங்கள் முன்வைக்கப்படுகின்றன. உச்சிக் குவார்க்கும் அதன் எதிர்த்துகளும், சிதையுமுன் கிடைக்கும் நுண்கணத்தில், குளுவான்களின் ஈர்ப்பால் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு 'டாப்போனியம்' என்னும் அரைகுறைப் பிணைப்பை அடைகின்றன என்பது ஒன்று. 1980-களிலேயே உருசிய அறிஞர் ஃபாதினும் கோஸேயும் வாயிற்படியில் இத்தகைய மிகுதி தோன்றும் எனக் கணித்திருந்தனர். ஹாட்ரான் மோதுவியில் அது புலப்படாது என்பதே பலரும் கொண்டிருந்த கருத்து. ஹிக்ஸைப் போன்ற புதிய போசான் ஒன்று தற்செயலாக அதே ஆற்றலில் அமைந்திருக்கிறது என்பது மற்றொன்று. தரவு முன்னதற்கு இசைகிறது. பின்னதை முற்றும் விலக்கவில்லை. வாயிற்படியின் அருகே குளுவான் ஈர்ப்பையும், அதனோடு கலந்து நிற்கும் ஹிக்ஸ் பரிமாற்றத்தின் சிறு பங்கையும் இன்றுள்ளதினும் நுட்பமாகக் கணித்தாலன்றி இரண்டையும் பிரித்தறிய இயலாது. அக்கணக்குகள் நடந்து வருகின்றன; அவற்றைச் சோதிக்கத் தேவையான மிகுதியான இணைகளை, ஒளிர்வு பெருக்கப்பட்டு 2030-ஐ ஒட்டி இயங்கவிருக்கும் அதே மோதுவி தரவுள்ளது.